பக்க மடிப்பில் ஒளிந்திருந்த பெயர்கள்: ஒரு விழிப்புணர்வுக் கார்ட்டூன் தொகுப்பின் ஓவியர்களைத் தேடியது பற்றி

அந்தப் புத்தகம் எங்கள் கைக்கு வந்தபோது பின்னட்டையில் பாதி கிழிந்து போயிருந்தது. 1988இல் அமெரிக்காவில் அச்சான எய்ட்ஸ் விழிப்புணர்வுக் கார்ட்டூன் தொகுப்பு. 96 பக்கம், கறுப்பு வெள்ளை, பசை பைண்டிங். விற்று வரும் பணம் நோயாளிகளைப் பராமரிக்கும் ஓர் அமைப்புக்குப் போகும் என்று முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். நூலகம் ஒன்று அதை ஸ்கேன் செய்து மறுபதிப்பாகக் கொண்டுவர விரும்பியது. ஒவ்வொரு படத்தையும் வரைந்தவர் யார் என்று கண்டுபிடித்து அட்டவணை போடும் வேலை, அங்கிருந்த நூலகர் ஒருவரிடமும் என்னிடமும் வந்து சேர்ந்தது. தொகுப்பின் பெயரை நான் எங்கும் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நாங்கள் தொடங்கிய இடம் இது. மொத்தம் 47 படைப்புகள். சில ஒற்றைக் கார்ட்டூன், சில இரண்டு மூன்று பக்கச் சித்திரக்கதை. 26 படைப்புகளில் கையொப்பம் தெளிவாக இருந்தது. 5 படைப்புகளில் ஏதோ ஒரு முத்திரை: இரண்டு எழுத்தைப் பின்னிய கிறுக்கல், ஒரு சின்ன மீன், ஒரு முக்கோணம். மீதி 16இல் ஒன்றுமே இல்லை. புத்தகத்தின் கடைசியில் பங்களித்தவர்கள் பட்டியல் ஒன்று அகரவரிசையில் இருந்தது. 33 பெயர்கள், பக்க எண் கிடையாது.

காசு வாங்காமல் வரைந்ததால் வந்த சிக்கல்

இந்த வகைத் தொகுப்புகள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்தால்தான் இத்தனை பெயர்கள் ஏன் தொலைந்தன என்று புரியும். லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த விநோதமான நிமோனியா பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1981 ஜூன் 5 அன்று ஒரு சிறு அறிக்கை வெளியிட்டது. பின்னால் எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோய் அதுதான். அடுத்த சில ஆண்டுகளில் காமிக்ஸ் உலகத்திலும் நண்பர்கள் சாகத் தொடங்கினார்கள். ஓவியர்களால் செய்ய முடிந்தது வரைவதுதான். 1987இல் லண்டனில் 'ஸ்ட்ரிப் எய்ட்ஸ்' வந்தது. 1988இல் ட்ரினா ராபின்ஸ், பில் சின்கெவிச், ராபர்ட் ட்ரிப்டோ மூவரும் தொகுத்த 'ஸ்ட்ரிப் எய்ட்ஸ் யூஎஸ்ஏ' வந்தது. அவை பெயர் பெற்றவை. யார் எந்தப் பக்கம் வரைந்தார் என்பதைத் தேடிப் பதிவு செய்ய ஆள் உண்டு. எங்கள் கையில் இருந்தது அதே காற்றில் முளைத்த, அவ்வளவாக யாரும் கண்டுகொள்ளாத சிறிய தம்பி.

பத்திரிகைக்கு வரைந்தால் வவுச்சர் இருக்கும், காசோலைக் கணக்கு இருக்கும், ஒப்பந்தம் இருக்கும். பணம் போன பாதையிலேயே பெயரும் போயிருக்கும். பின்னால் வருபவர் அந்தப் பாதையில் நடந்தால் போதும். நன்கொடையாக வரைந்தால் எந்தக் காகிதமும் இல்லை. தொலைபேசியில் கேட்டார்கள், தபாலில் அனுப்பினார்கள், அச்சுக்குப் போனது. கொடுத்தவர்களின் பெருந்தன்மைதான் அவர்கள் பெயரை அழித்தது. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகிறது.

பெயருக்கு முன்னால் கையைப் பிரித்தோம்

பெயர் தேடுவதில் நேராக இறங்கவில்லை. கையொப்பம் இல்லாத படங்களை முதலில் கை வாரியாகப் பிரித்தோம். எவையெல்லாம் ஒரே ஆள் வரைந்தவை போல இருக்கின்றன என்று பார்த்து 'கை ஒன்று', 'கை இரண்டு' என்று தற்காலிகப் பெயர் வைத்தோம். காமிக்ஸில் இதற்கு ஓர் அழகான முன்னுதாரணம் உண்டு. டிஸ்னியின் வாத்துக் கதைகளில் ஓவியர் பெயர் போடும் வழக்கம் இல்லாத காலத்தில், அதில் ஒருவருடைய கோடு மட்டும் மற்றவர்களுடையதைவிடச் சிறப்பாக இருப்பதை ரசிகர்கள் தாங்களாகவே கண்டுபிடித்து, அவரை 'நல்ல ஓவியர்' என்றே அழைத்து வந்தார்கள். பல வருடம் கழித்துத்தான் அவர் கார்ல் பார்க்ஸ் என்பது வெளியே தெரிந்து, 1960இல் ரசிகர் கடிதம் அவர் வீட்டுக்குப் போனது. கை முதலில் தெரிந்தது, பெயர் பிறகு வந்தது. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் ஆபத்து. மனதில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால், படம் அந்தப் பெயருக்கு ஏற்றபடி வளைந்து கொடுத்துவிடும்.

கையைப் பிரிக்க எதைப் பார்ப்பது? முகத்தைப் பார்க்கக் கூடாது. முகத்தை எல்லோரும் கவனமாக வரைகிறார்கள், எல்லோரும் கவனமாகக் காப்பியும் அடிக்கிறார்கள். 1870களில் இத்தாலியரான ஜொவானி மொரெல்லி பழைய ஓவியங்களுக்குச் சொன்ன வழி கார்ட்டூனுக்கும் செல்லும்: காது, நகம், விரல் போன்று யோசிக்காமல் வரையும் இடங்களைப் பார். நாங்கள் அதோடு மேசைக் கால், கதவுக் குமிழ், சட்டை மடிப்பு, பேச்சுப் பலூனின் வால் இவற்றையும் சேர்த்துக்கொண்டோம். பலூன் வால் நிறையவே காட்டிக்கொடுத்தது. ஒருவர் வாலை வாயருகே வரை இழுத்துக்கொண்டு போவார். இன்னொருவர் பாதி தூரத்திலேயே நிறுத்திவிடுவார்.

அடுத்தது கருவி. தொட்டு எழுதும் நிப்பு என்றால் அழுத்தத்துக்கு ஏற்ப கோடு தடித்து மெலியும். தூரிகை என்றால் அந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூடுதல். வரைபடப் பேனா என்றால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமன். சாம்பல் நிறத்துக்குச் சிலர் புள்ளித்தாளை வெட்டி ஒட்டுவார்கள். அந்தத் தாளின் வெட்டு விளிம்பு லூப் என்ற உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் கத்தி சறுக்கிய இடம் உட்படத் தெரியும். நிழலுக்குப் போடும் சாய்கோடுகளும் பேசும். வலக்கைக்காரர் பொதுவாக வலப்பக்கம் மேலே ஏறும் சாய்வில் போடுவார். இடக்கைக்காரர் கோடு எதிர்ப்பக்கம் சாயும். தாளைத் திருப்பி வைத்து வரைபவர்களும் உண்டு என்பதால் இதை ஒரு சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வைத்துக்கொள்ளக் கூடாது. இப்படி 16 படங்களும் ஒன்பது கைகளாகப் பிரிந்தன.

பட்டியலோடு கணக்குப் போட்டோம். கையொப்பமிட்ட 26 படைப்புகளும் 23 பேருடையவை. 33இல் 23 போனால் 10 பெயர் மிச்சம். ஒன்பது கைகளும் சில முத்திரைகளும் அந்தப் பத்துக்குள் அடங்கிவிடும் என்று நிம்மதியாக இருந்தோம். அது தப்புக் கணக்கு என்று பிறகு தெரிந்தது.

இரண்டாவது பிரதி

இந்த வேலையில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி, முதுகு உடைந்த ஒரு பழைய பிரதி. நூலகர்தான் இன்னொரு பிரதி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எனக்கு அப்போது அது வீண் செலவாகத் தோன்றியது. வந்த பிரதியில் பசை காய்ந்து உதிர்ந்து, பக்கங்கள் தனித்தனித் தாளாகக் கழன்று கிடந்தன. விற்றவர் அதற்காக மன்னிப்புக்கூடக் கேட்டிருந்தார்.

ஒரு தாளை எடுத்து விளக்கின் கீழ் வைத்து நூலகர் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாருங்க. இது கோடு இல்ல, எழுத்து."

எங்கள் நல்ல பிரதியில் பக்கங்கள் சேரும் மடிப்புக்குள் முழுவதுமாகப் புதைந்து கிடந்த ஓரம் அது. அங்கே, பக்கத்துக்குச் செங்குத்தாக, எறும்பு அளவில் ஒரு வரி: வட்டத்துக்குள் சி எழுத்து, 1988, ஒரு பெயர்.

பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் அமெரிக்கா சேர்ந்தது 1989 மார்ச் 1 அன்று. அதற்கு முன்பு அங்கே அச்சாகும் எதிலும் பதிப்புரிமை அறிவிப்பு இல்லாவிட்டால் உரிமையே பறிபோகும் அபாயம் இருந்தது. அதனால் பலர் சேர்ந்து வரையும் தொகுப்புகளில், விவரம் தெரிந்த ஓவியர்கள் தங்கள் பக்கத்திலேயே எங்காவது அந்த ஒற்றை வரியைப் பொடி எழுத்தில் போட்டுவிடுவார்கள். படத்தின் அழகு கெடக் கூடாது என்று கையொப்பத்தைத் தவிர்த்தவர்கள்கூடச் சட்டத்துக்குப் பயந்து இதைச் செய்தார்கள். 1989 மார்ச்சுக்கு முந்தைய அமெரிக்கத் தொகுப்பை யார் எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது மடிப்பைத்தான். நாங்கள் இரண்டு மாதம் காதையும் விரலையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த பிறகு அங்கே போனோம். அந்த ஒரே பகலில் நான்கு படைப்புகளுக்குப் பெயர் கிடைத்தது.

அதே பிரதியிலிருந்து இன்னும் இரண்டு கிடைத்தன. அச்சகத்தில் புத்தகத்தை அடுக்கி வெட்டும்போது ஒவ்வொரு கட்டும் ஒரு மயிரிழை வித்தியாசமாகத்தான் வெட்டுப்படும். எங்கள் முதல் பிரதியில் 41ஆம் பக்கத்தின் அடி ஓரம், வரைந்த தரையோடு முடிந்தது. இரண்டாவது பிரதியில் தரைக்குக் கீழே இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. அதில் மூன்று மேடுகள். ஏதோ எழுத்துகளின் தலைப்பகுதி. அந்த மூன்று மேடுகளை ஸ்கேன் செய்து பெரிதாக்கி, மீதிப் பத்துப் பேருடைய வேறு பிரசுரங்களில் இருந்த கையொப்பங்களின் மேல் வைத்துப் பார்த்தோம். மேட்டுக்கு மேடு ஒருவருடையதோடு பொருந்தியது. அவருக்குப் படத்தை அனுப்பிக் கேட்டோம். தன்னுடையதுதான் என்றார். தன் கையொப்பம் வெட்டுப்பட்டுப் போனது இத்தனை வருடமும் தனக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தார். அதே கையின் இன்னொரு படமும் தன்னுடையதே என்று அவரே சொன்னார்.

மடிப்பில் கண்ட நான்கு பெயர்களில் ஒருவர் 1990களின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டிருந்தார். மறுபதிப்புக்கு அனுமதி கேட்டு அவருடைய சகோதரிக்கு எழுதினோம். அனுமதி கொடுத்தார். கூடவே ஒன்று கேட்டார்: அந்தப் படத்தின் தெளிவான நகல். தம்பி இப்படி ஒன்று வரைந்ததே அவருக்குத் தெரியாதாம். எங்களால் முடிந்த அளவு உயர்ந்த தரத்தில் ஸ்கேன் எடுத்து அனுப்பினோம். அன்றைக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

வைரஸின் பழைய பெயர்

ஒரே கையின் மூன்று சின்னக் கார்ட்டூன்கள் இருந்தன. வெவ்வேறு பக்கங்களில், கட்டுரைகளின் முடிவில் காலியிடத்தை நிரப்ப வைத்தவை போல. வரைபடப் பேனாவின் சீரான கோடு, மூக்கில்லாத முகங்கள். பத்துப் பெயர்களில் எவருடனும் பொருந்தவில்லை.

இரண்டாவது படத்தில் ஒருவர் தொலைபேசியில் பேசுகிறார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா என்று கேட்கிறார். அந்த வசனத்தை நான் பலமுறை படித்திருந்தேன். ஒருநாள்தான் கண்ணில் உறுத்தியது. அதில் எச்ஐவி என்ற பெயரே இல்லை. எச்டிஎல்வி-3 என்று இருந்தது.

இந்த வைரஸுக்குப் பல பெயர்கள் மாறி வந்திருக்கின்றன. 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் அதற்கு எல்ஏவி என்று பெயர் வைத்தார்கள். 1984 ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்தபோது எச்டிஎல்வி-3 என்றார்கள். யார் முதலில் கண்டுபிடித்தது என்ற சண்டையில் இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டே புழங்கின. 1986இல் வைரஸ்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு எச்ஐவி என்ற பெயரைப் பரிந்துரைத்த பிறகு பழைய பெயர்கள் மெல்ல வழக்கொழிந்தன. ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவில் உரிமம் கிடைத்தது 1985 மார்ச். ஆக, பரிசோதனையும் இருக்கிறது, பழைய பெயரும் இருக்கிறது என்றால், அந்த வசனம் எழுதப்பட்டது பெரும்பாலும் 1985 அல்லது 1986. பழைய பெயர் இன்னும் கொஞ்ச காலம் சிலர் நாக்கில் இருந்திருக்கலாம். ஆனால் 1988இல் விழிப்புணர்வுக்காகவே புதிதாக வரையும் ஒருவர் அதைப் பயன்படுத்துவார் என்று நம்ப முடியவில்லை.

அப்படியானால் இந்த மூன்று படங்களும் தொகுப்புக்காக வரைந்தவை இல்லை. வேறெங்கோ முன்பே அச்சானவை. நூலகரின் கண்கள் விரிந்தன. அவர் உடனே துண்டுப் பிரசுரங்களின் பக்கம் திரும்பினார். சுகாதாரப் பிரசுரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஆவணக் காப்பகங்கள் உண்டு. 1985, 1986 என்று ஆண்டைக் குறுக்கி, பரிசோதனை பற்றிய பிரசுரங்களை மட்டும் கேட்டு, வந்த நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். ஐந்தாவது வாரம் கிடைத்தது. நான்காக மடித்த ஒரு தாள். மூன்று படங்களும் அதிலேயே இருந்தன. கூடவே நாங்கள் பார்க்காத நான்காவது ஒன்றும். தாளின் பின்பக்கத்தில் அச்சகத்தின் பெயருக்கு மேல், படங்கள் வரைந்தவர் யார் என்று ஒரே ஒரு வரி.

அந்தப் பெயர் தொகுப்பின் 33 பேர் பட்டியலில் இல்லை.

எங்கள் கழித்தல் கணக்கு இங்கே உடைந்தது. பட்டியலில் இருப்பவர்கள்தான் புத்தகத்தில் இருப்பார்கள் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். பட்டியல் போட்டவருக்கே தெரியாத ஆள் உள்ளே இருக்கலாம். அதேபோல, பட்டியலில் இருந்த ஒருவர் படமே வரையவில்லை, இன்னொருவருடைய பக்கங்களில் பலூன் எழுத்துகளை எழுதிக் கொடுத்தவர் மட்டும் என்பதும் பின்னால் தெரிந்தது. 'மிச்சம் இருப்பது இவர் ஒருவர்தான், ஆகவே இது இவருடையது' என்று ஒரு படத்துக்கும் பெயர் போடக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

நான் போட்ட தவறான பெயர்

இதை மறைத்துவிட்டு எழுதினால் இந்த ஆய்வுக்கு அர்த்தமில்லை.

கை நான்கு என்று நாங்கள் வைத்திருந்த ஒரு பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு ஒருவர் பெயர் தோன்றியது. ஆறு என்ற எண்ணைக் கவிழ்த்தது போன்ற காது, படகு மாதிரிக் காலணி, குடையின் வளைவு. அவருடைய புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காதும் காலணியும் அச்சு அசலாக இருந்தன. அவர் பெயர் அந்தப் பத்துப் பேரிலும் இருந்தது. அட்டவணையில் கேள்விக்குறிகூட இல்லாமல் போட்டேன். அட்டவணையின் முதல் வரைவை நூலகம் சில ஆர்வலர்களுக்கு அனுப்பியது. எட்டு மாதம் கழித்து அந்த ஓவியரிடமிருந்தே பதில் வந்தது.

"இது நான் வரைந்ததில்லை. நான் எப்போதும் நான்கு விரல்தான் போடுவேன். விரலை எண்ணிப் பாருங்கள்."

எண்ணினேன். ஒவ்வொரு கையிலும் ஐந்து விரல்.

கார்ட்டூனில் நான்கு விரல் போடுவது பலருக்கும் பழக்கம். வேலை மிச்சம், கையும் பார்க்க அளவாக இருக்கும். அவர் வாழ்நாள் முழுவதும் அப்படியே வரைந்தவர். காதைப் பார்த்துக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் கையைப் பார்க்கவே இல்லை. ஒரு பெயரை முதலில் நினைத்துவிட்டுப் படத்தைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே போட்ட விதியை நானே மீறியிருந்தேன். அதற்குள் அந்தப் பெயர் வரைவிலிருந்து இரண்டு வேறு அட்டவணைகளுக்குப் போய்விட்டது. இரண்டு இடத்துக்கும் எழுதித் திருத்தக் கேட்டேன். ஒன்று திருந்தியது. மற்றதில் இன்றும் அப்படியே இருக்கிறது.

உண்மையில் வரைந்தவர் அவரை விரும்பிப் பின்பற்றிய, அப்போது இருபது வயதுகூட ஆகாத ஓர் இளம் ஓவியர். பதிப்பாசிரியரின் பழைய அட்டைப்பெட்டியில் இருந்த தபால் உறை ஒன்று அதைக் காட்டிக்கொடுத்தது. உறைக்குள் அந்தப் பக்கத்தின் பென்சில் வரைவு இருந்தது. அதே பெட்டியிலிருந்து இன்னொரு பக்கத்துக்கும் விடை வந்தது. தவறான பெயரால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இளைஞருக்கு அதுதான் அச்சான முதல் பக்கம். எட்டு மாதம் அதை நான் இன்னொருவருக்கு எழுதி வைத்திருந்தேன்.

அதன் பிறகு அட்டவணையில் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியைச் சேர்த்தோம்: 'எதைக் கொண்டு சொல்கிறோம்'. கையொப்பம், அச்சிட்ட குறிப்பு, ஓவியரே உறுதி செய்தது, பதிப்பாசிரியரின் காகிதம், பாணி. இந்த ஐந்தில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பாணி மட்டும் என்றால் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி கட்டாயம். 1994இலிருந்து தன்னார்வலர்களால் நடந்து வரும் காமிக்ஸ் விவரத் தொகுப்பான கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸிலும் இந்தக் கேள்விக்குறி வழக்கம் இருக்கிறது. எத்தனையோ பேர் எத்தனையோ முறை தவறியதால் வந்த வழக்கம் அது என்று எனக்கு இப்போது தெரிகிறது.

படத்தை வைத்துத் தேடும் இணையக் கருவிகளையும் முயன்றோம். அவை கொண்டுவந்தவை பெரும்பாலும் ஓரம் வெட்டிய நகல்கள். பல இடங்களில் யாரோ ஒருவர் பெயர். உதவவில்லை.

முத்திரைகளில் மூன்று தீர்ந்தன. மீனை வரைந்தவர் வேறொரு பிரசுரத்தில் மீனுக்குப் பக்கத்திலேயே முழுப் பெயரையும் போட்டிருந்தார். பின்னிய எழுத்துகள் இரண்டும் ஒருவருடையவையே; அவரே உறுதி செய்தார். முக்கோணமும் மற்றதும் இன்னும் யாருடையவை என்று பிடிபடவில்லை. இளஞ்சிவப்பு முக்கோணம் அந்தக் கால ஓரினச்சேர்க்கையாளர் உரிமைப் போராட்டத்தின் சின்னம். அதனால் அது கையொப்பமாகவே இல்லாமல் ஆதரவுக் குறியாகவும் இருக்கலாம்.

கண்டுபிடித்தும் எழுதாதது

ஒரு பக்கம் மட்டும் மற்றவை போல இல்லை. எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன். படத்தில் என்ன இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். நோய் வந்தவரே தன் நிலையை வரைந்தது என்பது பார்த்தாலே தெரியும்.

அதன் கை எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதே புத்தகத்தில் வேறொரு பக்கத்தில், முழுக் கையொப்பத்தோடு, அதே கை இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் நூலகர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒருவர் ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்னொன்றில் போடாமல் விட்டிருக்கிறார். இது அச்சகம் வெட்டியதும் இல்லை, மறந்ததும் இல்லை.

அந்த ஆண்டுகளில் எய்ட்ஸ் என்ற சொல் ஒருவர்மேல் விழுந்தால் வேலை போகும், வீடு போகும். ரத்தப்போக்கு நோய்க்கான மருந்து வழியாகத் தொற்று வந்த ரையன் ஒயிட் என்ற சிறுவனை 1985இல் பள்ளிக்கூடத்துக்குள் விட மறுத்தார்கள். விழிப்புணர்வுப் படம் வரைவது துணிச்சல். 'இது எனக்கு' என்று சொல்வது வேறு துணிச்சல். இந்த ஓவியர் சொன்னார், ஆனால் பெயரில்லாமல் சொன்னார்.

வயதான பதிப்பாசிரியருக்கு எழுதினேன். எங்களுக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக்கு என்ன போடலாம் என்று மட்டும் கேட்டேன். இரண்டே வரியில் பதில் வந்தது.

"அன்றைக்குக் கையெழுத்துப் போடாததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் இன்னும் போகவில்லை."

பெர்ன் உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு, பெயரில்லாமல் வெளியான படைப்பில் ஓவியர் சார்பாக நிற்கும் உரிமையைப் பதிப்பித்தவருக்குக் கொடுக்கிறது. ஓவியர் தானாக வெளியே வரும்வரை அது செல்லும். மறுபதிப்புக்கான அனுமதியைப் பதிப்பாசிரியர் வழியாகவே வாங்கினோம். சட்டப்படி வேலை முடிந்தது. அட்டவணையில் என்ன எழுதுவது என்பதில்தான் நானும் நூலகரும் நாள் கணக்கில் பேசினோம்.

'ஓவியர் விருப்பப்படி பெயர் தவிர்க்கப்பட்டது' என்று போடலாம் என்றேன். உண்மை அதுதானே.

"அப்படிப் போட்டா, இங்க ஒரு ரகசியம் இருக்குன்னு நாமே பலகை வெச்ச மாதிரி," என்றார் நூலகர். "நமக்குத் தெரிஞ்ச மாதிரியே இன்னொருத்தருக்கும் தெரியும். அவர் சும்மா இருப்பாரா?"

'ஓவியர் யார் எனத் தெரியவில்லை' என்று போடவும் மனம் வரவில்லை. அது பொய். பிறகு அட்டவணை முழுவதையும் ஒருமுறை பார்த்தோம். கையொப்பமில்லாமலோ வெறும் முத்திரையோடோ தொடங்கிய 21 படைப்புகளில், 14க்கு உறுதியான பெயர் கிடைத்திருந்தது. மூன்றில் பெயரும் கேள்விக்குறியும். மூன்றில், இரண்டு முத்திரைகள் உட்பட, எதுவும் இல்லை. அந்த மூன்றுக்கும் நாங்கள் 'தெரியவில்லை' என்று எழுதி வைத்திருந்தோம். நூலகர் அந்தச் சொல்லை மூன்று இடத்திலும் அடித்தார். நான்கு இடத்திலும் ஒரே மாதிரி எழுதினார்: 'பெயர் இல்லை'.

இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட ஸ்கேன்கள் என் கணினியில் இருந்தன. கோப்பின் பெயரிலேயே ஓவியரின் முதலெழுத்துகள் இருந்தன. நூலகர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவற்றை அழித்தேன். குறிப்பேட்டில் அந்தக் கைக்கு நாங்கள் வைத்திருந்த எண்ணையும் நீக்கினோம். அதனால் எங்கள் குறிப்புகளில் இப்போது கை ஆறுக்கு அடுத்து கை எட்டு வருகிறது.